முள்ளை நம்பியவர்

அவரோடு ஒரே அறையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன். அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நிறத்தின் பெயரை அவர் தானாகச் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான்.

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்தில், சுற்றுவட்டார விவசாயிகள் சிலர் கமிட்டி போட்டு, ஒரு வாடகை வீட்டில் மண் பரிசோதனைக் கூடம் நடத்தினார்கள். பெயர்ப்பலகை பெரிது, உள்ளே ஆட்கள் இரண்டே பேர். அவர் பொறுப்பாளர். நான் உதவி. அப்போதுதான் மதுரையில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். உலகத்தையே ஒரு சோதனைக் குழாய்க்குள் போட்டுக் குலுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற துடிப்பு. சும்மா உட்காரத் தெரியாது.

அவர் ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். நாற்பத்தைந்து வயது, ஒல்லி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என்றைக்கும் அதேதான். பட்டம் எதுவும் கிடையாது. ஏதோ ஒரு மில் சோதனைச்சாலையில் பாட்டில் கழுவப் போய்ப் படிப்படியாகக் கற்றுக்கொண்டவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏனுங்க பி.எஸ்ஸி.," என்பார். கிண்டலா மரியாதையா என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஒரு இழுவை.

எங்களுக்கு ஒரே ஒரு சொத்து இருந்தது. கலரிமீட்டர். செருப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே ஒரு பல்பு, எதிரே ஒளியைப் பிடிக்கும் ஒரு செல், மேலே ஒரு முள். நடுவில் கண்ணாடிக் குழாயைச் செருக ஒரு துளை, அதற்கு முன்னால் நிறக் கண்ணாடி ஒன்றைச் செருக ஒரு பிளவு. மண்ணில் மக்கு எவ்வளவு என்று சொல்வதுதான் அதற்கு வேலை. மக்கு என்றால் இலை, வேர், சாணி, புழு எல்லாம் செத்து மண்ணோடு மண்ணாகிக் கிடக்கும் சத்து. மண்ணில் டைக்ரோமேட் என்ற ஆரஞ்சுக் கரைசலை ஊற்றி அமிலம் சேர்த்தால், மக்கு அதைத் தின்று பச்சையாக்கும். மக்கு அதிகம் என்றால் பச்சையும் அதிகம். பச்சைக் கரைசல் சிவப்பு ஒளியை விழுங்கும். ஆகவே சிவப்புக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தை அனுப்பி, எவ்வளவு காணாமல் போனது என்று முள்ளைப் பார்த்தால் மண்ணின் வளம் எண்ணாக வந்து நிற்கும். ஒரு கைப்பிடி மண்ணை வெளிச்சத்தால் படிப்பது! முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு ராத்திரிச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் அந்த முள்ளை அவர் நம்பியதுபோல மனிதர் மனிதரை நம்பி நான் பார்த்ததில்லை. குழாயைக் கையில் எடுத்ததுமே எனக்கு உற்சாகம் பொங்கும். "சார், என்ன பச்சை பாருங்க! இது கட்டாயம் நல்ல மண்ணு" என்பேன். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"ஏனுங்க பி.எஸ்ஸி., கண்ணுங்கறது ஒரு அபிப்பிராயமுங்க. முள்ளுதான் சாட்சி. வெச்சுப் பாருங்க."

ஒருமுறை கமிட்டித் தலைவர் வந்தார். "ஐயா, மத்த ஊர்ல எல்லாம் புரெட் குழாயில சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மாறுறப்ப நிறுத்திக் கணக்குப் பண்றாகளாம். பல்பு வேணாம், கரண்டு வேணாம். நாமளும் அதையே செஞ்சா என்ன?" என்றார். இவர் எழுந்து போய், அலமாரியில் இருந்த புரெட்டைத் துணியில் சுற்றி, உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"கடைசிச் சொட்டு எதுன்னு அதுல கண்ணுதானுங்க சொல்லோணும். இன்னைக்கு ஒரு கண்ணு, நாளைக்கு ஒரு கண்ணு. என்னால ஆகாதுங்க."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கோ புல்லரித்தது. இவரல்லவா விஞ்ஞானி என்று அறை நண்பர்களிடம் போய்ப் பீற்றிக்கொண்டேன். அவரைப் போலவே பேசவும் தொடங்கினேன். மெஸ்ஸில் யாராவது "சாம்பார் ருசியா இருக்கு" என்றால், "அது உன் அபிப்பிராயம்" என்பேன். அடி விழாதது அதிர்ஷ்டம்.

சந்தையில் அவரோடு நடப்பது தனி வேடிக்கை. தக்காளிக் கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து அமுக்குவார், மோந்து பார்ப்பார், காதோரம் வைத்துத் தட்டக்கூடச் செய்வார். கடைக்கார அம்மாளுக்குப் பொறுக்காது.

"ஏ சாமி, ஆண்டவன் ரெண்டு கண்ணு குடுத்திருக்கான்ல? செவந்ததா எடுத்துப் போடாம, அமுக்கி அமுக்கி இங்கனயே ரசம் வச்சுப்பிட்டுப் போயிருவீக போல!"

அவரும் சிரித்துக்கொண்டே அமுக்குவார். தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்கு என்னையும் கூட்டிப் போனார். தறிக்காரர் சுங்குடிச் சேலைகளை விரித்துப் போட்டு, "என்ன கலருங்கய்யா பிரியம்?" என்றார். இவர் சேலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ளி எத்தனைங்க?" என்றார். தறிக்காரர் விழித்தார். அதிகப் புள்ளி எதில் என்று கேட்டு, அதையே கட்டச் சொல்லிவிட்டார். இதெல்லாம் ஒரு பெரிய மனசின் கோணங்கித்தனம் என்று நினைத்து ரசித்தேன். அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை மாலை, நிறக் கண்ணாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அது என் வேலை. சோப்புக் கையிலிருந்து சிவப்புக் கண்ணாடி நழுவிக் கல் தொட்டியில் விழுந்து நொறுங்கிவிட்டது. அவர் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். சில்லுகளைக் கூட்டி அள்ளினேன். நிறக் கண்ணாடிகளை வைக்கும் மரப்பெட்டியில் சிவப்பு இருக்க வேண்டிய குழி காலியாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பார்க்கவே பயமாக இருந்ததால், உபரியாகக் கிடந்த பச்சைக் கண்ணாடி ஒன்றை அதில் வைத்தேன். ஏமாற்ற அல்ல, சத்தியமாக. காலையில் பெட்டியைத் திறந்ததும் "இதென்னுங்க?" என்று கேட்பார், நான் சொல்லிவிடுவேன். நானே போய்ப் பேச்சை ஆரம்பிக்க வேண்டாம் என்ற கோழைத்தனம் மட்டும்தான்.

காலையில் அவர் பெட்டியைத் திறந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்புக் குழியிலிருந்து கண்ணாடியை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தார். எதிர்ச் சுவரில் பச்சையாக ஒரு வெளிச்சத் துண்டு விழுந்து ஆடியது. தூசி பார்த்தார். வேட்டி நுனியால் ஒற்றினார்.

"சிவப்பு நல்லா சுத்தமா இருக்குதுங்க பி.எஸ்ஸி. தேவலையே!"

சொல்லிவிட்டு அதைக் கலரிமீட்டரின் பிளவில் செருகினார்.

முதலில் கேலி என்று நினைத்தேன். இதோ திரும்புவார், இதோ கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் முள்ளைச் சரிசெய்து, முதல் குழாயை வைத்து, எண்ணை எழுதத் தொடங்கினார். தக்காளி, சுங்குடிப் புள்ளி, பூட்டி வைத்த புரெட், வெள்ளைச் சட்டை, எல்லாம் ஒரே விநாடியில் தலைகீழாகக் கவிழ்ந்தன. நிறத்தை அளந்து சம்பளம் வாங்கும் மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது! நான் பக்கத்திலேயே நின்று இரண்டு வருஷம் கைதட்டியிருக்கிறேன்!

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என் குற்றத்தோடு அவருடைய ரகசியமும் வெளியே வந்து விழும். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதுரைக் கல்லூரி நண்பனுக்கு அவசரமாகக் கடிதம் போட்டு, எப்படியாவது ஒரு சிவப்புக் கண்ணாடி தேற்றி அனுப்பச் சொன்னேன். வருகிறவரை என்ன கெட்டுவிடப் போகிறது? பச்சைக் கண்ணாடி வழியாகப் பச்சைக் கரைசலைப் பார்த்தால் வெளிச்சம் தாராளமாகப் போகும், முள் ஏறாது, நல்ல மண்ணும் 'குறைவு' என்று வரும். விவசாயி கூட இரண்டு வண்டி எரு அடிப்பான். நல்லதுதானே!

மூன்று நாள் எல்லாக் குழாயும் குறைவாகவே வந்தது. "என்னுங்க இது, இந்த வாரம் வர்ற மண்ணெல்லாம் சவலப்புள்ளையாவே இருக்குது," என்று அவர் வருத்தப்பட்டார். நான் குனிந்து மண் சலித்தேன். அட்டைகள் கையெழுத்தாகி ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை மத்தியானம் அகரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் செத்து இரண்டு வருஷம், இரண்டு பெண் குழந்தைகள். கையில் இரண்டு அட்டைகள். ஒன்று அவளுடையது, திங்கட்கிழமை நாங்கள் பார்த்தது: 'நடுத்தரம்'. மற்றது ஊர்ப் பெரியவரிடம் கேட்டு வாங்கிவந்த அவள் கொழுந்தனுடையது, செவ்வாய்க்கிழமை பார்த்தது: 'குறைவு'. இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளாததால் அடுத்தடுத்த நாள் தனித்தனியே மண் கொண்டுவந்திருந்தார்கள்.

"ஐயா, எங்க காட்டைப் பாகம் பிரிக்கிறாக. கிணறு ஒண்ணே ஒண்ணுதேன். எந்தப் பங்குல மண்ணு மட்டமோ அந்தப் பங்குக்குக் கிணறு சேரணும்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாக. ரெண்டு பேரும் எம்மண்ணுதேன் மட்டம்னு சண்டை போட்டதுல, 'திண்டுக்கல்லு மெசினு சொல்லட்டும்'னுட்டாக. இப்ப அட்டையைப் பாத்தா கிணறு அவருக்குப் போகுது. நாளைக்குப் பத்திரம். தண்ணி இல்லாத காட்டை வச்சுக்கிட்டு நான் என்னய்யா செய்ய?"

"முள்ளு சொன்னதைத்தானுங்க அம்மா எழுதியிருக்கோம்."

"அவரு பங்குல ரெண்டு கோடைக்கு ஆட்டுக்கிடை போட்டிருக்காகய்யா! எரநூறு ஆடு ராத்திரி பூராம் படுத்துப் புழுக்கை போட்ட காடு. அது எப்படி என் காட்டை விட மட்டமாகும்?"

அவர் கோபப்படவில்லை. படிக்காத பெண்தானே என்று தள்ளவும் இல்லை. அவளை உள்ளே கூப்பிட்டு, கலரிமீட்டரைத் திறந்து, பொறுமையாகக் காட்டினார். இங்கே பல்பு, இங்கே குழாய். பிளவிலிருந்து கண்ணாடியை உருவி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இந்தச் சிவப்புக் கண்ணாடி வழியா வெளிச்சம் போகுதுங்க..."

"அது பச்சையில்ல?" என்றாள் அவள்.

சந்தில் பட்டறைச் சுத்தியல்கள் ஓங்கி ஓங்கி விழுந்துகொண்டிருந்தன. அவர் கண்ணாடியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"பி.எஸ்ஸி., இது என்ன நிறமுங்க?"

இரண்டு வருஷத்தில் அவர் என் கண்ணை நம்பிக் கேட்ட முதல் கேள்வி.

"சிவப்புத்தான் சார்," என்றேன்.

என் வாய்தான் சொன்னது. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில் வசை எதுவும் இல்லை. பேய் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஏய்யா, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று முனகிக்கொண்டே அட்டைகளை மடியில் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பூட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் நீட்டினார். "பச்சைதேன். ஏன் சாமி, சர்பத் பாட்டிலு ஒடைஞ்சிருச்சா?" என்று அந்தப் பட்டறைக்காரர் சிரித்தது எனக்குக் கேட்டது. அடுத்து ஜட்கா வண்டிக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சிறுமி அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுத் தர மறுத்து ஓடினாள். அவள் பின்னாலேயே ஓடி வாங்கினார். ஒவ்வொருவர் சொன்னதையும் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், முள்ளின் எண்ணை எழுதுவதுபோலவே.

திரும்பி வந்து கண்ணாடியை மேஜைமேல் வைத்தார்.

"ஏழு பேர்கிட்டக் கேட்டேனுங்க. ஏழு பேரும் ஒண்ணாத்தான் சொல்றாங்க. அந்த ஏழு பேர்ல ஒருத்தரும் பி.எஸ்ஸி. இல்லீங்க."

செவ்வாயிலிருந்து போன அட்டைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் 'அட்டை செல்லாது, மறுபடி மண் அனுப்புக' என்று கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் உறை ஒட்டினேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போனோம். கூட வரச் சொல்லி அவர் கேட்கவில்லை, நானாக ஏறிக்கொண்டேன். கிணற்றடியில் கூட்டம் கூடியிருந்தது. செக்கச் சிவந்த காடு, பத்திரம் எழுதுகிறவர், ஊர்ப் பெரியவர், ஒரு பக்கம் கொழுந்தன், இன்னொரு பக்கம் தனியாக அந்தப் பெண். இவர் நேரே நடுவில் போய் நின்றார்.

"ஐயாமாரே, அந்த ரெண்டாவது அட்டை தப்புங்க. சிவப்புக் கண்ணாடி வெக்கற இடத்துல பச்சையை வெச்சு அளந்துட்டேன். அதை நம்பிக் கிணத்தைக் குடுத்தறாதீங்க."

கொழுந்தன் துள்ளி எழுந்தான். "அதெப்படிய்யா? மெசினுக்காரரு நீரு, உமக்குச் செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தெரியாதுங்க," என்றார். "பொறந்ததுல இருந்தே தெரியாது. பள்ளிக்கூடத்துல இலைக்குச் சிவப்பைப் பூசி வாத்தியார்கிட்ட அடி வாங்கினேனுங்க. அதுக்கப்புறம் நிறத்தைப் பத்திப் பேசறதையே உட்டுட்டேன். வேலைக்குச் சேரும்போதும் சொல்லலீங்க."

அப்போது வெடித்த சிரிப்பு இருக்கிறதே! ஒருவன் தோட்டத்திலிருந்து பழுத்த மிளகாய் ஒன்றும் காய் ஒன்றும் பறித்துவந்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டினான். "எங்க, இதுல பழம் எது, சொல்லும் பாப்போம்!" இன்னொருவன், "எங்க செவக்காடு உம்ம கண்ணுக்கு என்னய்யா மாதிரித் தெரியுது?" என்றான்.

"காஞ்ச புல்லும் அதுவும் ஒண்ணாட்டத்தானுங்க தெரியுது," என்றார் அவர். ஒளிக்கவும் இல்லை, குழையவும் இல்லை. குழாயில் என்ன எண் வந்தது என்று கேட்டால் சொல்வாரே, அந்தக் குரல்.

ஊர்ப் பெரியவர் கையமர்த்திவிட்டுக் கேட்டார். "சரி, கண்ணாடியை மாத்தி வச்சது யாரு?"



"பெட்டியில இருந்து எடுத்து வெச்சது என் கைதானுங்க," என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பெண் அவரையும் பார்க்காமல், சிரிப்பவர்களையும் பார்க்காமல், மண்வெட்டியை எடுத்து நீட்டினாள். "ஐயா, மறுபடி மண்ணு எடுக்கணும்னா இப்பவே எடுங்க. வெயிலு ஏறுது."

அவள் கேட்டபடி இரண்டு பங்கிலும் மண் எடுத்தோம். சனிக்கிழமை மதுரையிலிருந்து சிவப்புக் கண்ணாடி வந்துவிட்டது. அது எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. திங்களன்று அந்தப் பெண்ணையும் கொழுந்தனையும் வரவழைத்து, கண்ணாடியை அவர்கள் கையிலேயே கொடுத்தார். "செவப்பு" என்றாள் அவள். "செவப்புத்தான்" என்றான் அவன், வேண்டாவெறுப்பாக. அதன்பிறகுதான் பிளவில் செருகினார். அவளுடைய மண் முன்பு போலவே நடுத்தரம். ஆட்டுக்கிடை போட்ட காடு, முள்ளை ஒரு தள்ளுத் தள்ளி மேலே கொண்டுபோய் நிறுத்தியது. கிணறு அவளுக்குச் சேர்ந்தது.

கமிட்டி அந்த வாரமே கூடியது. நிறம் தெரியாதவரைக் கலரிமீட்டருக்கு வைத்துக்கொள்வதா என்று பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். கடிதம் எழுதித் திருப்பி வாங்கினாரே, மற்ற யாருக்கு அந்த மனம் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள்.

அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பழனி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், இனி எப்போது என்று தோன்றி, கம்பியைப் பிடித்துக்கொண்டு கொட்டிவிட்டேன்.

"சார், சிவப்பை உடைச்சது நான்தான்."

"ஒடைச்சீங்கன்னு தெரியுமுங்க. செவ்வாக்கெழமையே தொட்டிக்கடியில ஒரு சில்லு கெடந்துது. பொறுக்கும்போது விரல்ல குத்திடுச்சு." விரலைப் பார்த்துக்கொண்டார். "எந்த நிறத்துச் சில்லுன்னுதான் எனக்குத் தெரியலீங்க. பச்சைதான் ஒடைஞ்சிருக்கும், நமக்கு வேலைக்காகாததுதானே, நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு உட்டுட்டேன்."

நான் ஜன்னல் கம்பியை விடவில்லை.

"நான் கேட்டப்ப ஏனுங்க சிவப்புன்னு சொன்னீங்க?"

"பயந்துட்டேன் சார்."

தலையசைத்தார். பஸ் நகர ஆரம்பித்தது. கூடவே நடந்தேன். அவர் கம்பி வழியாக முகத்தை நீட்டி, சின்னப் பையனின் ஆவலோடு கேட்டார்.

"பி.எஸ்ஸி., இத்தனை நாளா யாருகிட்டயும் கேக்க முடியாத ஒண்ணு. சிவப்புங்கறது எப்படிங்க இருக்கும்?"

என் மூளை பரபரவென்று தேடியது. ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. பாடத்தில் படித்த சிவப்பு ஒளியின் அலைநீளம் மட்டும் வாயில் வந்து விழுந்தது.

"அறுநூத்தி அறுபது மில்லிமைக்ரான், சார்!"

"அட, அந்த எண்ணு எனக்கும் தெரியுமுங்க," என்றார் அவர். பஸ் வேகம் எடுத்துவிட்டது.